ஆடு விற்ற பணமும் அமெரிக்கச் சட்டையும்

உங்கள் வீட்டில் முதன்முதலாக உத்தியோகத்துக்குப் புறப்படுகிற பிள்ளை யாராவது இருக்கிறானா? இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவன் புறப்படத்தான் போகிறான்.

எங்கள் ஊர் மருங்காபுரி. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் துவரங்குறிச்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர். இப்போது தாலுகா ஆபீஸ் இருக்கிறது. மழை மட்டும் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, எங்களிடம் கணக்குப் பார்த்துத்தான் பெய்யும். ஆகவே இங்கே குடும்பங்களுக்கு நிலத்தைவிட ஆடுதான் ஆபத்துக்கு உதவுகிற பாங்கி.

என் அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எங்கள் வம்சத்தில் காலேஜ் படிப்பை முடித்த முதல் பிள்ளை அவன். அக்காவுக்குப் புருஷன் இல்லை. இருந்த வெள்ளாடுகளில் நல்லதாக ஒன்றைப் பிடித்து ஏழாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாள். மூவாயிரத்தை விடுதி முன்பணத்துக்கு முடிந்து வைத்துவிட்டு, நாலாயிரத்தை என் கையில் கொடுத்தாள்.

"தம்பி, இதுல அவனுக்கு நாலு பேரு மதிக்கிற மாதிரி துணிமணி எடுத்துக் குடு. நீதான் உலகம் தெரிஞ்சவன்" என்றாள்.

உலகம் தெரிந்தவன் என்று அக்கா சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஆனால் பையன் என்னிடம் செல்போனை நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்த உலகத்தின் சுற்றளவு எனக்கே விளங்கிற்று.

"மாமா, ஆபீஸ்ல எல்லாரும் இந்த மாதிரிதான் போடுறாங்களாம். அமெரிக்கன் ஸ்டைல்" என்றான்.

படத்தில் ஒரு வெள்ளைக்கார வாலிபன். காலர் நுனிகளில் குட்டிப் பொத்தான் வைத்த சட்டை, காக்கிக் கால்சராய், பழுப்புத் தோல் செருப்பு. இந்த உடையை அமெரிக்காவில் பெரிய பெரிய கல்லூரிப் பிள்ளைகள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் போட ஆரம்பித்து, பிறகு உலகமெல்லாம் பரவிவிட்டதாம். பார்க்க அடக்கமாகத்தான் இருந்தது. விலைதான் அடக்கமாக இல்லை.

மறுநாள் பஸ் ஏறினோம். 2025இல் திறந்த பஞ்சப்பூர் நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, குளிர்சாதனம் போட்ட ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. காலரில் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றைப் பையன் ஆசையாகத் தடவிப் பார்த்தான். நான் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய்! ஒரு முழு ஆட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு சட்டைக்குள் போய்விடும். கால்சராய்க்கு என்ன செய்வது, இன்னொரு ஆட்டுக்கு எங்கே போவது?

பையன் கெட்டிக்காரன். என் முகத்தைப் பார்த்தான். சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்த இடத்தில் வைத்தான். "சும்மா பார்த்தேன், மாமா" என்றான். அந்தச் 'சும்மா' இருக்கிறதே, அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

வெளியே வந்து ஒரு டீ சாப்பிட்டோம். அவனைத் தேற்றுவதற்காக எனக்குத் தெரிந்த கதைகளை அவிழ்த்துவிட்டேன்.

"ஏண்டா மாப்பிள்ளை, அமெரிக்க உடை என்கிறாயே, அதை உரித்துப் பார்த்தால் உள்ளே நம்ம ஊர்தான் இருக்கிறது, தெரியுமா?"

நீங்களும் கேளுங்கள். காக்கி என்பது உருதுச் சொல்; புழுதி நிறம் என்று அர்த்தம். 1846இல் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கில அதிகாரி பெஷாவரில் திரட்டிய கைட்ஸ் படைதான் அந்தப் புழுதி நிறத்தை முதலில் உடுத்திக்கொண்டது. நூறு வருஷம் கழித்து, இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் சர்க்கார் செலவில் காலேஜில் சேர்ந்தபோது, பட்டாளத்துக் காக்கியையே வகுப்புக்கும் போட்டுக்கொண்டு போனார்கள். அதுதான் பிறகு நாகரிகமாகிவிட்டது. கோடைக்கு அவர்கள் போடுகிற சுருக்கத் துணி ஒன்று உண்டு, சீர்சக்கர் என்று பெயர். பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீக வார்த்தை, இந்தியாவிலிருந்து போனது. உழைப்பாளிகளின் டங்கரி, பம்பாய் டோங்ரியின் பெயர். காலிகோ, நமது கள்ளிக்கோட்டை.

"அப்ப இந்தப் பொத்தான் காலர் மட்டும்தான் அவங்களோடதா, மாமா?"

அதுவும் முழுசாக அவர்களுடையது அல்ல. நியூயார்க்கில் 1818இல் ஆரம்பித்த புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற கடைக்காரர்கள், இங்கிலாந்தில் போலோ ஆடுகிறவர்கள் காலர் காற்றில் பறந்து முகத்தில் அடிக்காமலிருக்கப் பொத்தான் போட்டிருந்ததைப் பார்த்து, 1896இல் தங்கள் கடையில் கொண்டுவந்தார்கள். அந்தப் பழம்பெரும் கம்பெனியே 2020இல் கடன் தாங்காமல் திவால் மனுக் கொடுத்து, வேறு கைக்கு மாறிற்று. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்ச் சட்டை விற்கிறவர்களுக்கும் கஷ்டகாலம் வரத்தான் செய்கிறது.

பையன் சிரித்தான். அந்தத் தைரியத்தில் நடக்க ஆரம்பித்தோம். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் பழைய துணி குவித்துப் போட்டு, "எதை எடுத்தாலும் நூற்றிருபது" என்று ஒருவர் கூவிக்கொண்டிருந்தார். மேல்நாடுகளில் உடுத்திக் கழித்த துணிகள் கப்பலில் மூட்டை மூட்டையாக வருவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குஜராத்தில் காண்ட்லாத் துறைமுகத்துப் பக்கம் அவற்றைத் தரம் பிரிக்கிறார்கள். கம்பளித் துணிகள் பானிப்பட்டில் பிரிந்து மறுபடி நூலாகின்றன. இங்கே கொண்டுவந்து விற்பதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. இருந்தும் எப்படியோ நம் ஊர்த் தெருமுனை வரையில் கொஞ்சம் வந்து சேர்ந்துவிடுகிறது.

நான் தயங்கினேன். பையன் தயங்கவில்லை. கையை விட்டுத் துழாவி ஒரு சட்டையை வெளியே இழுத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஒன்றோடொன்று கலந்த கட்டம் போட்ட சட்டை. சாயம் மங்கி, ஓரங்கள் கரைந்து, மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது. காலரில் குட்டிப் பொத்தான். உள்ளே ஏதோ அமெரிக்கக் கடையின் சீட்டு. அதன் கீழே, இந்தியாவில் கையால் நெய்த மதராஸ் துணி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"மாமா, இது கைலித் துணி மாதிரி இருக்கே!" என்றான்.

மாதிரி என்ன, கைலித் துணியேதான். மதராஸ் என்று நம் ஊரின் பழைய பெயரை அமெரிக்காக்காரன் இன்றைக்கும் ஒரு துணிக்குப் பெயராக வைத்திருக்கிறான். இந்தச் சம்பந்தம் பழையது. 1687 முதல் 1692 வரையில் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹூ யேல், 1718இல் அமெரிக்காவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு 417 புத்தகங்களும், ராஜாவின் படமும், துணிமணி அடங்கிய ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. நன்றிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் யேல் சர்வகலாசாலை. பிற்காலத்தில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே மதராஸ் கட்டம் போட்ட சட்டைகளுக்கு ஆலாய்ப் பறந்தார்கள்!

அவர்களுக்கு இந்தத் துணி எப்படிப் பிடித்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. கண்ணூரில் பிறந்து, பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். 1958இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க வியாபாரி அவரிடம் இந்தக் கட்டத் துணியை வாங்கிப்போய், சாட்சாத் அந்தப் புரூக்ஸ் பிரதர்ஸுக்கே விற்றார். தாவரச் சாயம் தோய்த்த நூல். பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும். அந்த எச்சரிக்கை வாங்கினவர்கள் காது வரையில் போகவில்லை. மெஷினில் போட்டுத் துவைத்தார்கள். சாயம் ஓடிற்று. புகார் மேல் புகார். கடைசியில் விளம்பரக்காரர்கள் யோசித்து, "இது சாயம் போவதற்கென்றே உத்தரவாதம் உள்ள துணி, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை" என்கிற பாணியில் ஒரு போடு போட்டார்களாம். குறையே பெருமையாகிவிட்டது. நாயர் பிற்காலத்தில் ரசித்துச் சொன்ன கதை இது.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்குத் தொண்டை அடைத்தது.

நிற்க. பிறகு சொல்கிறேன் என்றேனே, அதை இப்போது சொல்லிவிடுகிறேன். 1983இல் எனக்கு வயது பத்தொன்பது. திருச்சியில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உருப்படியாக ஒரு சட்டை கிடையாது. அந்த வருஷம் அப்பாவுக்கு யாரோ உறவுக்காரர் கொடுத்த புதுக் கைலி ஒன்று பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மா அதைத் துவரங்குறிச்சிக்கு எடுத்துப்போய் எனக்குச் சட்டையாகத் தைத்துக்கொண்டு வந்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம். நான் அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "கைலியை மாட்டிக்கிட்டுப் போனா காவக்காரன்கூட உள்ளே விட மாட்டான்" என்றேன். சிநேகிதன் ஒருவனிடம் வெள்ளை டெரிகாட்டன் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அப்பா பஸ் நிறுத்தம் வரையில் கூட வந்தார். ஒன்றும் பேசவில்லை. வேலை கிடைத்தது. அந்தக் கட்டம் போட்ட சட்டை என்னவாயிற்று என்று அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.

அதே கட்டத்தைப் போட்டுக்கொண்டு அமெரிக்காவில் லட்சாதிபதி வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள் என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது, யாரிடம் போய்ச் சொல்வது? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

"இதை எடுத்துக்கவா, மாமா?" என்றான் பையன். எடுத்துக்கொள் என்றேன்.

பழைய துணி வாங்குவதில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சட்டையை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடையாகக் காட்டிக்கொடுக்கும். காலர் மடிப்பையும், கைப்பட்டி விளிம்பையும், அக்குளையும் பாருங்கள். சட்டை முதலில் சாவது அங்கேதான். மோந்து பார்க்க வெட்கப்படாதீர்கள். தோள் தையல் தோளிலேயே உட்காருகிறதா என்று பாருங்கள். கை நீளமானால் குறைக்கலாம், உடம்பு அகலமானால் பிடிக்கலாம். தோளைத் திருத்த எந்தத் தையல்காரராலும் சுலபத்தில் முடியாது. அமெரிக்க அளவு நம் அளவல்ல; பதினைந்தரை, முப்பத்துமூன்று என்று கழுத்துக்கும் கைக்கும் அங்குலக் கணக்குப் போட்டிருப்பார்கள். சீட்டை நம்பாமல் டேப்பை நம்புங்கள். கம்பளிக் கோட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். திருச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதற்கு ஒரு தனி மனோதைரியம் வேண்டும். உள்ளாடை, காலுறை, செருப்பு இவை மட்டும் எந்தக் காலத்திலும் புதிது. அடுத்தவன் கால் பழக்கிய செருப்பு நம் கால் பேச்சைக் கேட்காது.

ஒரு கட்டம் போட்ட சட்டையை வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்க்க முடியுமா? மறு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, மணப்பாறை, கரூர் வழியாகத் திருப்பூர் போய்ச் சேர்ந்தோம். காதர்பேட்டை என்று அங்கே ஒரு பேட்டை. வெளிநாட்டுக்கென்று தைத்து, கணக்குக்கு மேல் மிஞ்சியதும், ஒரு தையல் பிசகியதால் தள்ளுபடியானதும் அங்கே வந்து குவிகின்றன. பின்னலாடைதான் அதிகம், பொறுமையாகத் தேடினால் நெசவுத் துணியில் தைத்த சட்டையும் கிடைக்கிறது. கழுத்துச் சீட்டில் ஒரு வெட்டுப் போட்டிருப்பார்கள். அந்த வெட்டுக்குத்தான் அத்தனை விலைக் குறைவு! காலரில் பொத்தான் வைத்த சட்டை, வெள்ளை ஒன்று, இளநீலம் ஒன்று, தலா முந்நூற்றைம்பது. காக்கிக் கால்சராய் இரண்டு, தலா ஐந்நூற்றைம்பது. ஒரு சட்டையில் பொத்தான் துளை கோணல். இன்னொன்றில் பையின் ஓரம் அரை அங்குலம் இறக்கம். அவ்வளவுதான் குற்றம். மனிதர்களில் இவ்வளவு குறைந்த குற்றத்தோடு யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிக் கட்டத் துணி வாங்கி, காலரில் பொத்தான் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கூலியையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய கடைச் சட்டையில் பாதி விலைக்குள் முடிந்துவிடும். உடம்புக்கு அளவாகவும் இருக்கும். முதல் சம்பளம் வந்ததும் அதைச் செய்வதாகப் பையன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

இனிக் கணக்கு. சட்டைகள் 700. கால்சராய்கள் 1,100. பெல்ட் 200. திருச்சியில் புதுச் செருப்பு 1,100. காலுறை, பனியன் 300. துவரங்குறிச்சித் தையல்காரருக்கு, சேர்த்துப் பிடித்துக் குறைத்ததற்கு 240. தள்ளுவண்டிச் சட்டை 120. ஆக மொத்தம் 3,760. பஸ் செலவு என்னுடையது. மிச்சம் இருநூற்று நாற்பதை அக்காவிடம் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, எதையோ மறந்து வாங்காமல் வந்துவிட்டோம் என்றே தீர்மானித்துவிட்டாள்!

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா கிணற்றடியில் துணிகளை அலசப் போட்டாள். கட்டம் போட்ட சட்டையைத் தனி வாளியில் போடச் சொன்னேன். தண்ணீரில் லேசாகச் சாயம் இறங்கிற்று. எத்தனை வருஷம், எந்த ஊர்த் தண்ணீரிலெல்லாம் அலசினார்களோ, இன்னும் கொடுப்பதற்கு அதனிடம் கொஞ்சம் பாக்கியிருந்தது.

அக்கா சட்டையைப் பிழிந்து, உதறி, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தாள். அப்படியே நின்றாள்.

"தம்பி, இது அப்பா சட்டை மாதிரி இல்ல?"

"அப்பா எங்கே சட்டை போட்டார்? துண்டுதானே?" என்றேன்.

"உனக்கு எங்கே தெரியும், நீதான் வேலைக்குப் போயிட்டியே! உனக்குன்னு அம்மா தைச்சாளே, கைலிச் சட்டை. நீ வேணாம்னு போட்டுட்டுப் போனதை அப்பாதான் போட்டுக்கிட்டாரு. உன் அளவுக்குத் தைச்சது அவருக்கு இறுக்கம். பொத்தான் போட வராது. தொறந்தபடியே போட்டுக்கிட்டு ஆட்டுக்குப் பின்னால போவாரு. கேட்டா, 'எம் மகன் ஆபீஸரு சட்டைடீ இது'ம்பாரு. கடைசியில கலரே தெரியாமப் போயி, கந்தலாகித்தான் விட்டாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றடித் துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காவின் கையிலிருந்து சட்டையை வாங்கிக் கொடியில் போட்டு, காலர் நுனிகளை நீவிவிட்டு, காற்றில் பறக்காமலிருக்க அந்தக் குட்டிப் பொத்தான்கள் இரண்டையும் போட்டுவிட்டான்.

புதிதா, பழையதா, எது வாங்குவது என்று நீங்கள் என்னைக் கேட்டால், மேலே கணக்கோடு எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்குப் புறப்படுமுன் வீட்டுப் பெட்டியையும் ஒரு தரம் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அங்கே வீட்டார் உங்களுக்கென்று தைத்து வைத்தது ஏதாவது இருந்தால், இருக்கிறபோதே ஒரு நாள் போட்டுக் காட்டிவிடுங்கள்.

பையன் போன வாரம் வேலையில் சேர்ந்துவிட்டான். முதல் நாள் வெள்ளைச் சட்டை. வெள்ளிக்கிழமையன்று இஷ்டமான உடை போடலாமாம். கட்டம் போட்டதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். மத்தியானம் எனக்குப் போட்டோ அனுப்பினான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, எங்க மானேஜர் இது எங்கே வாங்கினதுன்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?"

"எங்க தாத்தா சட்டைன்னு சொல்லு" என்று பதில் அனுப்பினேன்.